நிரல் ஏன் விழுந்தது? லினக்ஸ் டெர்மினலில் பிழை தேட ஒரு முழு வழிகாட்டி

ஐகானைச் சொடுக்குகிறீர்கள். ஒரு வட்டம் சுற்றுகிறது, நிற்கிறது, அப்புறம் மூச்சுப் பேச்சே இல்லை. நிரல் திறக்கவும் இல்லை, ஏன் திறக்கவில்லை என்று சொல்லவும் இல்லை. இந்த இடத்தில் பலரும் நேராக மூலநிரலைத் திறந்து, வரிக்கு வரி பிரிண்ட் போட ஆரம்பித்துவிடுவார்கள். அது தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த நிரல் கர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையத்திடம், என்ன கேட்டது, கர்னல் என்ன பதில் சொன்னது?

பாதிக் கோளாறுகள் நிரலின் தர்க்கத்திலேயே இருப்பதில்லை. இல்லாத கோப்பு, எழுத அனுமதியில்லாத அடைவு, நிரம்பிய டிஸ்க், வேறு யாரோ பிடித்துவைத்திருக்கும் போர்ட் (நெட்வொர்க் வாசல் எண்) என்று சுற்றுப்புறத்தில்தான் சிக்கல் இருக்கும். அதனால் வெளியிலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் உள்ளே போவது என் வழக்கம். கீழே உள்ள வரிசையும் அதுதான்.

இங்கே சொல்வது உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் டெஸ்க்டாப்களுக்கு. கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் ஆங்கில எழுத்துகளைத்தான் தட்ட வேண்டும். ஒற்றை எழுத்துக் குறிகளைவிட நீளமான பெயர்களே நினைவில் நிற்கும் என்பதால் முடிந்தவரை அவற்றையே தருகிறேன். கருவிகள் கையில் இல்லையென்றால் முதலில் நிறுவிக்கொள்ளுங்கள்:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் எஸ்ட்ரேஸ் ஜிடிபி வால்க்ரிண்ட் எல்எஸ்ஓஎஃப்

ஃபெடோராவில் ஏபிடிக்குப் பதில் டிஎன்எஃப்.

1. டெர்மினலிலிருந்தே ஓட்டுங்கள்

ஐகானை மறந்துவிட்டு, டெர்மினலைத் திறந்து நிரலின் பெயரைத் தட்டுங்கள். ஐகான் வழியாக ஓடும்போது கண்ணில் படாத பிழைச் செய்திகள் இங்கே வந்து கொட்டும். நிரல் முடிந்ததும் உடனே இதைக் கேளுங்கள்:

எக்கோ $?

வருவது நிரல் விட்டுச்சென்ற வெளியேற்ற எண். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது. 127 என்றால் அப்படி ஒரு கட்டளையே கிடைக்கவில்லை. 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்க முடியவில்லை. 128-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஏதோ ஒரு சிக்னல் (கர்னல் வழியாக நிரலுக்கு வரும் அறிவிப்பு) நிரலைக் கொன்றிருக்கிறது. 128-ஐக் கழித்தால் சிக்னலின் எண் கிடைக்கும். 139 என்றால் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட், தொடக்கூடாத மெமரியை நிரல் தொட்டிருக்கிறது. 134 என்றால் 6, நிரல் தானே அபார்ட் சொல்லிச் செத்திருக்கிறது. 137 என்றால் 9, வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். மெமரி தீர்ந்துபோய்க் கர்னலே கொன்றிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்த ஓர் எண்ணை வைத்தே அடுத்து எந்தப் பக்கம் போவது என்று முடிவுசெய்துவிடலாம்.

வெளியீட்டைச் சேமிக்க வேண்டுமானால்:

./நிரல் 2>&1 | டீ பதிவு

ஒரு எச்சரிக்கை: இப்படிக் குழாய் போட்டால் $? தருவது டீ கட்டளையின் எண், உங்கள் நிரலின் எண் அல்ல. பாஷில் முன்கூட்டியே 'செட் -ஓ பைப்ஃபெயில்' என்று கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

டெஸ்க்டாப்பின் மொழியைத் தமிழாக வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. சில கருவிகளின் பிழைச் செய்திகள் தமிழில் வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதை இணையத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கட்டளைக்கு முன்னால் 'எல்சி_ஆல்=சி' என்று சேர்த்து ஓட்டினால், அந்த ஒரு முறைக்கு மட்டும் செய்தி ஆங்கிலத்தில் வரும்.

சரி, டெர்மினலில் ஓடுகிறது, ஐகானில் மட்டும் ஓடவில்லை என்றால்? அப்போது பெரும்பாலும் இரண்டுக்கும் சூழல் மாறிகள் (தொடங்கும்போது நிரலுக்குக் கிடைக்கும் அமைப்பு மதிப்புகள்) வேறாக இருக்கும். டெர்மினல் உங்கள் பாஷ்ஆர்சி கோப்பைப் படிக்கிறது, டெஸ்க்டாப் படிப்பதில்லை. கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலான பாத் மாறியில் நீங்கள் அங்கே சேர்த்த அடைவு ஐகானுக்குத் தெரியவே தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் எந்த ப்ராசஸும் (ஓடும் நிரலுக்கு அதுதான் பெயர்) எந்தச் சூழலோடு தொடங்கியது என்பதை /ப்ராக் அடைவுக்குள், அதன் எண்ணின் கீழ் உள்ள 'என்விரான்' கோப்பில் பார்க்கலாம்.

2. ஏற்கெனவே எழுதிவைத்த பதிவுகளைப் படியுங்கள்

மறுபடி ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே கணினி பாதிக் கதையை எழுதிவைத்திருக்கும். ஐகான் வழியாக ஓடிய நிரல்களின் புலம்பல் பெரும்பாலும் பயனர் ஜர்னல் என்ற பதிவேட்டில் இருக்கும்:

ஜர்னல்சிடிஎல் --யூசர் --சின்ஸ் "10 min ago"

மேற்கோளுக்குள் இருப்பதைப் பத்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று தேவைக்கேற்ப மாற்றலாம். கணினியே உறைந்து, ரீபூட் செய்ய வேண்டி வந்திருந்தால் '--பூட்=-1' கொடுங்கள்; போன முறை கணினி ஓடியபோது எழுதிய கடைசி வரிகள் வரும்.

கர்னல் சொல்வதைக் கேட்க டிமெசேஜ் (dmesg). செக்மென்டேஷன் ஃபால்ட் நடந்திருந்தால் இங்கே ஒரே வரியில் நிரலின் பெயர், தொட முயன்ற முகவரி, அப்போது ஓடிய கட்டளையின் முகவரி, எந்த லைப்ரரிக்குள் நடந்தது என எல்லாம் இருக்கும். முகவரி 0 அல்லது அதை ஒட்டிய சின்ன எண் என்றால், எதையும் சுட்டாத நல் பாயின்டரைத் தொட்டிருக்கிறது என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அதே வரியில் 'எரர் 4' என்றால் இல்லாத இடத்தைப் படிக்கப் போயிருக்கிறது. 'எரர் 6' என்றால் எழுதப் போயிருக்கிறது.

வெளியேற்ற எண் 137 வந்தவர்கள் டிமெசேஜில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் ஜர்னலிலும் பாருங்கள். ஃபெடோரா 34, உபுண்டு 22.04 முதல் சிஸ்டம்டி-ஊம்டி என்ற சேவை இயல்பாகவே இயங்குகிறது. மெமரி முழுக்கத் தீர்வதற்கு முன்பே பெரிய நிரல்களை அது கொல்லும். அதன் குறிப்பு கர்னல் பதிவில் இருக்காது.

அடுத்தது கோர் டம்ப், நிரல் சாகும்போது அதன் மெமரி இருந்த நிலை. ஃபெடோராவில் 'கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட்' என்றால் சமீபத்தில் விழுந்த நிரல்கள் வரிசையாக வரும். 'கோர்டம்ப்சிடிஎல் டீபக்' என்றால் கடைசியாக விழுந்தது, நிரலின் உள்ளே பார்க்கும் கருவியான ஜிடிபியில் (6-ஆம் பகுதி) நேராகத் திறக்கும். உபுண்டுவில் இந்த வேலையை அப்போர்ட் பார்க்கிறது, கோப்புகளை /வார்/கிராஷ் அடைவில் போட்டுவைக்கும். உபுண்டுவிலும் சிஸ்டம்டி-கோர்டம்ப் தொகுப்பை நிறுவிக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

3. செத்துவிட்டதா, உறைந்திருக்கிறதா?

சாளரம் சாம்பல் நிறமாகி நிற்கிறது என்றால் உடனே கொன்றுவிடாதீர்கள். உறைந்த நிரல் நல்ல சாட்சி. கொன்றுவிட்டால் சாட்சியும் போய்விடும். 'பிஎஸ் ஏயுஎக்ஸ்' கொடுத்து நிலைக்கான பத்தியைப் பாருங்கள். ஆர் என்றால் ஓடிக்கொண்டிருக்கிறது; சிபியு 100 சதவீதம் வேறு என்றால் ஏதோ முடிவில்லாத சுழற்சி. எஸ் என்றால் எதற்கோ காத்திருக்கிறது. டி என்று பெரிய எழுத்தில் ஒன்று உண்டு, டிஸ்க் என்பதன் முதல் எழுத்து: கர்னலுக்குள் மாட்டியிருக்கிறது, சிக்னல் 9 அனுப்பினாலும் சாகாது. அறுந்துபோன நெட்வொர்க் டிரைவ், செத்துக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க் போன்றவைதான் காரணமாக இருக்கும். அந்த நிலையில் உங்கள் மூலநிரலில் தேடி ஒரு பயனும் இல்லை. இஸட் என்றால் ஜாம்பி, செத்துவிட்டது, பெற்ற ப்ராசஸ் இன்னும் வந்து எடுத்துப்போகவில்லை, கோளாறு பெற்றவரிடம்.

4. எஸ்ட்ரேஸ்: நிரலும் கர்னலும் பேசுவதை ஒட்டுக்கேளுங்கள்

ஒரே ஒரு கருவியைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால், நான் இதைத்தான் சொல்வேன். 1991-இல் பால் க்ரானன்பர்க் சன்ஓஎஸ்ஸுக்காக எழுதியது, பிறகு லினக்ஸுக்கு வந்தது. மூலநிரல் வேண்டாம், மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம், எந்த மொழியில் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. நிரல் கர்னலிடம் செய்யும் ஒவ்வொரு சிஸ்டம் காலையும் (அழைப்பையும்), வந்த பதிலையும் வரிசையாக எழுதிக்கொடுக்கும்.

எஸ்ட்ரேஸ் --ஃபாலோ-ஃபோர்க்ஸ் --அவுட்புட்=பதிவு ./நிரல்

முதல் குறி இல்லாவிட்டால் நிரல் பெற்றுப்போட்ட குட்டி ப்ராசஸ்கள் தப்பித்துவிடும். உண்மையான வேலை நிறைய நேரம் அவற்றில்தான் நடக்கிறது. இரண்டாவது இல்லாவிட்டால் நிரலின் வெளியீடும் பதிவும் கலந்து தலையும் புரியாது, வாலும் புரியாது. மிகப் பழைய பதிப்புகளில் இந்த நீளப் பெயர்கள் இருக்காது. -எஃப், -ஓ என்ற ஒற்றை எழுத்துகளைக் கொடுங்கள்.

இப்போது பல ஆயிரம் வரிகள் உங்கள் முன்னால் கிடக்கின்றன. மேலிருந்து படிக்காதீர்கள். நிரல் திரையில் காட்டிய பிழைச் செய்தியைப் பதிவில் தேடுங்கள். 'ரைட்' என்ற அழைப்பில் அது இருக்கும். அங்கிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். பெரும்பாலும் சில வரிகளுக்கு மேலேயே, -1 என்று பதில் வாங்கிய ஓர் அழைப்பு நிற்கும். அதுதான் காரணம். மேலிருந்து படிப்பவர்கள் ஆரம்பத்திலேயே வரும் 'இநோஎன்ட்' (அப்படி ஒரு கோப்பு இல்லை) வரிகளைப் பார்த்து ஏமாறுவார்கள். லைப்ரரி எங்கே இருக்கிறது என்று நிரல் ஒவ்வோர் அடைவாகக் கேட்டுக்கொண்டு போகும். பல இடங்களில் 'இல்லை' என்ற பதில் வருவது இயல்பு.

கோப்பு சம்பந்தப்பட்டதை மட்டும் பார்க்க '--ட்ரேஸ்=%ஃபைல்', நெட்வொர்க்குக்கு '%நெட்வொர்க்', தோற்ற அழைப்புகள் மட்டும் போதும் என்றால் '--ஃபெயில்டு-ஒன்லி'.

அடிக்கடி மாட்டும் சிலவற்றைச் சொல்கிறேன். ஷெல் ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருக்கிறது, ஓட்டினால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது. எஸ்ட்ரேஸில் பார்த்தால், நிரலை இயக்கச் சொல்லும் எக்ஸெக்விஇ அழைப்புக்கு இநோஎன்ட். கர்னல் இல்லை என்று சொல்வது உங்கள் ஸ்கிரிப்டை அல்ல, முதல் வரியில் நீங்கள் எழுதிய மொழிபெயர்ப்பி நிரலை. கோப்பு விண்டோஸில் தொகுக்கப்பட்டு, வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும்; அந்த எழுத்தோடு சேர்ந்த பெயரில் பாஷ் எங்கே இருக்கிறது? 'ஃபைல்' கட்டளையைக் கொடுத்தால் சிஆர்எல்எஃப் என்று காட்டிக்கொடுத்துவிடும். சரிசெய்ய டாஸ்2யூனிக்ஸ்.

இன்னொன்று: டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கிறது, எடிட்டரோ 'இடமில்லை' என்று அழுகிறது. பதிவில் இநோஎஸ்பிசி (இடமில்லை என்ற பதில்) எந்த அழைப்புக்கு வந்தது என்று பாருங்கள். ஐநோட்டிஃபை-ஆட்-வாட்ச் என்றால் அது டிஸ்க் விவகாரமே இல்லை. ஒரு பயனர் எத்தனை கோப்புகளைக் கண்காணிக்கலாம் என்ற கர்னல் வரம்பு தீர்ந்துவிட்டது; மேக்ஸ்_யூசர்_வாட்சஸ் என்ற அமைப்பைக் கூட்டினால் போதும்.

மூன்றாவது நம் மொழிக்காரர்களுக்கே வாய்த்தது, இணையத்தில் அதிகம் எழுதப்படாததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'கொள்முதல்' என்ற பெயரில் ஒரு கோப்பு. எல்எஸ் கட்டளை காட்டுகிறது. நிரல் அதே பெயரைத் திறக்கப் போனால் இநோஎன்ட். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எஸ்ட்ரேஸ் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி) அல்லாத எழுத்துகளைப் பைட் பைட்டாக எண்ணடி எட்டில் காட்டும். தமிழ் என்றால் \340\256 அல்லது \340\257 என்று தொடங்கும் மூன்று மூன்று பைட்டுகள். ஒகர உயிர்மெய்யின் குறியை யூனிகோடில் இரண்டு வழிகளில் எழுதலாம். ஒரே எழுத்தாக எழுதினால் \340\257\212. கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக எழுதினால் \340\257\206\340\256\276. யூனிகோட் இவை சமம் என்கிறது. எக்ஸ்ட்4 கோப்புமுறையோ இயல்பாகப் பைட்டுகளைத்தான் ஒப்பிடும், அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும், அதனால் அங்கிருந்து வந்த கோப்புகளில் இது கிளம்பலாம். அடைவில் உள்ள பெயரின் பைட்டுகளைப் பார்க்க:

எல்சி_ஆல்=சி எல்எஸ் --எஸ்கேப்

இதையும் எஸ்ட்ரேஸ் காட்டியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும். கன்வ்எம்வி என்ற கருவியின் '--என்எஃப்சி' குறி மொத்த அடைவையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். நிரல் உங்களுடையது என்றால், பெயரை ஒப்பிடும் முன் இருபக்கமும் ஒரே யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தமிழ் உரையைக் கையாள்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு: எஸ்ட்ரேஸ் இயல்பாக ஒரு சரத்தில் 32 பைட்டுகளை மட்டுமே காட்டும். கோப்புப் பெயர்களுக்கு இந்த வரம்பு இல்லை, ஆனால் எழுதும், படிக்கும் உரைக்கு உண்டு. தமிழில் அது பத்து யூனிகோட் எழுத்துகளோடு முடிந்துவிடும். '-எஸ் 400' என்று கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஓடும் ப்ராசஸோடு ஒட்டிக்கொள்ள '--அட்டாச்=' போட்டு எண்ணைக் கொடுக்கலாம். உபுண்டுவில் அனுமதி மறுக்கப்பட்டால் பதறாதீர்கள்; 10.10 பதிப்பிலிருந்தே, தான் தொடங்காத ப்ராசஸை ஒட்டுக்கேட்கச் சாதாரணப் பயனரை அது விடுவதில்லை. சூடோ போட்டால் வேலை முடிந்தது. இன்னொன்று, எஸ்ட்ரேஸ் பிடித்திருக்கும் நிரல் நன்றாகவே மெதுவாகும். நேரத்தைப் பொறுத்து வரும் பிழைகள் இதனாலேயே ஒளிந்துகொள்ளக்கூடும்.

5. யார் எதைப் பிடித்திருக்கிறார்கள்?

இது சீக்கிரம் முடிகிற படி. போர்ட் 8080 ஏற்கெனவே பயனில் இருக்கிறது என்ற பிழைக்கு 'சூடோ எல்எஸ்ஓஎஃப் -ஐ :8080' போதும், பிடித்திருப்பவர் பெயரோடு வருவார். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று டிஎஃப் கட்டளை சொல்கிறது, கோப்புகளின் அளவை டியு கட்டளையால் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு இல்லை என்றால் 'சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1' கொடுங்கள். அழிக்கப்பட்டும் ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்துவைத்திருக்கும் கோப்புகள் வரும். அந்த ப்ராசஸை மறுபடி தொடங்கினால்தான் இடம் விடுபடும்.

நிரல் தொடங்கவே இல்லை, லைப்ரரியைப் பற்றி முனகுகிறது என்றால், தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி. 'நாட் ஃபவுண்ட்' என்று வரும் வரிதான் குற்றவாளி. கியூட்டி (Qt) என்ற சாளரக் கருவித்தொகுப்பில் எழுதிய நிரல்கள் 'எக்ஸ்சிபி பிளகின் ஏற்ற முடியவில்லை' என்று சொல்லி விழுவது பிரசித்தம். முன்னால் 'க்யூடி_டீபக்_பிளகின்ஸ்=1' சேர்த்து ஓட்டினால் எந்தக் கோப்பு காணவில்லை என்று அதுவே சொல்லும். நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த நிரலில் மட்டும் எல்டிடி ஓட்டாதீர்கள். சில சூழல்களில் அது நிரலையே இயக்கிவிடலாம்.

6. இப்போது உள்ளே: ஜிடிபி

வெளியில் எல்லாம் சரியாக இருக்கிறது, நிரல் இன்னும் விழுகிறது. அப்படியென்றால் உள்ளே போக வேண்டியதுதான். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதிய ஜிடிபிதான் இன்றைக்கும் முதல் கதவு. உங்கள் நிரல் என்றால் டீபக் விவரங்களைச் சேர்க்கும் -ஜி, பிழை தேட ஏற்ற -ஓஜி என்ற குறிகளோடு கம்பைல் செய்யுங்கள். அப்புறம்:

ஜிடிபி --ஆர்க்ஸ் ./நிரல் உள்ளீடு

உள்ளே போனதும் 'ரன்'. விழுந்ததும் 'பேக்ட்ரேஸ்'. யார் யாரை அழைத்து இந்த இடத்துக்கு வந்தது என்ற அடுக்கு கீழிறங்கும். மேல் வரியிலேயே நின்றுவிடாதீர்கள். அங்கே சி லைப்ரரியின் ஏதாவது பெயர் இருக்கும், அதில் பிழை இருப்பது அபூர்வம். உங்கள் கோப்பின் பெயர் முதலில் தென்படும் வரிக்கு 'ஃப்ரேம் 3' என்பது போலத் தாவி, 'இன்ஃபோ லோக்கல்ஸ்' கொடுங்கள். எந்த மாறி எதிர்பாராத மதிப்போடு நிற்கிறது என்று தெரியும். அந்த மதிப்பை யார் மாற்றினார்கள் என்று தெரியவில்லையா? 'வாட்ச்' என்று மாறியின் பெயரைக் கொடுத்துத் தொடர்ந்து ஓட்டினால், மதிப்பு மாறும் கணத்தில் நிரல் நிற்கும். ஜிடிபியில் எனக்கு மிகப் பிடித்த கட்டளை இதுதான். பிரிண்ட் வரிகளால் செய்ய முடியாத வேலை.

அடுக்கில் பெயர்களுக்குப் பதில் கேள்விக்குறிகளாக வந்தால் டீபக் குறியீடுகள் (முகவரிகளுக்குப் பெயர் சொல்லும் விவரங்கள்) இல்லை. டீபக்இன்ஃபோடி பயன்படுத்தலாமா என்று ஜிடிபி கேட்டால் சம்மதம் சொல்லுங்கள். விநியோகத்தின் சர்வரிலிருந்து தானே இறக்கிக்கொள்ளும்.

உறைந்த நிரலுக்கு:

சூடோ ஜிடிபி -பேட்ச் -இஎக்ஸ் "த்ரெட் அப்ளை ஆல் பேக்ட்ரேஸ்" -பி ப்ராசஸ்எண்

எல்லா த்ரெட்களும் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) எங்கே நிற்கின்றன என்று எழுதிவிட்டு, நிரலை விட்டு விலகிவிடும். முதன்மை த்ரெட் 'போல்' அழைப்பில் நின்றால் அது அடுத்த சொடுக்குக்காகக் காத்திருக்கிறது, கோளாறு இல்லை. இரண்டு த்ரெட்கள், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் மியூடெக்ஸ் பூட்டில் நின்றால், ஒன்றுக்கு வேண்டிய பூட்டை மற்றொன்று வைத்திருக்கிறதா என்று இரு பக்கமும் பாருங்கள், அப்படியென்றால் டெட்லாக், இரண்டும் முடிவில்லாமல் காத்திருக்கும்.

டெஸ்க்டாப் நிரல்களில் ஒரு பொறி உண்டு. எக்ஸ்11 என்ற திரை அமைப்பில் மெனு திறந்திருக்கும்போது நிரல் மவுஸைத் தன் வசம் பிடித்துவைத்திருக்கும். அந்த நேரம் ஜிடிபி நிரலை நிறுத்தினால் மொத்தத் திரையும் செயலிழந்ததுபோல் ஆகிவிடும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி வேறு கன்சோலுக்குப் போய் ஜிடிபியைக் கொன்றால் திரை திரும்பிவிடும். மெனு பிழைகளுக்கு இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வருவது நல்லது. ஜிடிகே என்ற இன்னொரு சாளரக் கருவித்தொகுப்பில் எழுதிய நிரல்களில் 'க்ரிட்டிக்கல்' எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று தெரிய 'ஜி_டீபக்=ஃபேட்டல்-க்ரிட்டிக்கல்ஸ்' வைத்து ஓட்டினால் அந்த இடத்திலேயே நிரல் விழும், அடுக்கு கிடைக்கும்.

7. விழுந்த இடமும் தப்பு நடந்த இடமும் வேறாக இருந்தால்

'டபுள் ஃப்ரீ', 'இன்வாலிட் பாயின்டர்' போன்ற செய்திகளோடு விழுந்தால், மெமரியை நிரல் முன்பே எங்கோ கெடுத்துவிட்டது. இப்போதுதான் வெளியே தெரிகிறது. ஜிடிபி காட்டும் இடம் உதவாது. நிரல் மெமரியைத் தொடும் ஒவ்வொரு முறையும் சோதிக்கும் வால்க்ரிண்ட் கொண்டு ஓட்டுங்கள்:

வால்க்ரிண்ட் --லீக்-செக்=ஃபுல் ./நிரல்

நிரல் இருபது முப்பது மடங்கு மெதுவாகும், ஆனால் மறுகம்பைல் வேண்டாம். முதல் 'இன்வாலிட் ரைட்' அல்லது 'இன்வாலிட் ரீட்' எதுவோ அதை மட்டும் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். பின்னால் வரும் பல அதன் வாரிசுகள். மறுகம்பைல் செய்ய முடியுமென்றால் ஜிசிசியிலும் க்ளாங்கிலும் உள்ள அட்ரஸ் சானிட்டைசரை நான் விரும்புவேன். வேகம் சுமார் இரண்டு மடங்குதான் குறையும், ஸ்டாக்கில் (உள்ளூர் மாறிகள் இருக்கும் மெமரியில்) எல்லை மீறுவதையும் பிடிக்கும், வால்க்ரிண்ட் அதை அநேகமாகத் தவறவிடும். இரண்டையும் ஒன்றாக ஓட்டாதீர்கள், ஒத்துவராது.

8. போன வாரம் ஓடியதே!

மூலநிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட்டின் வரலாறு இருந்தால் இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. 'கிட் பைசெக்ட் ஸ்டார்ட்' கொடுத்து, இப்போதைய நிலையைக் கெட்டது என்றும், ஓடிய பழைய நிலையை நல்லது என்றும் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டு போகும். ஆயிரம் கமிட்கள் (பதிந்த மாற்றங்கள்) இருந்தாலும் பத்துச் சோதனையில் குற்றவாளி கமிட் கையில். சோதனையை ஒரு ஸ்கிரிப்டாக எழுதி 'கிட் பைசெக்ட் ரன்' கொடுத்தால் நீங்கள் டீ குடிக்கப் போகலாம். கம்பைலே ஆகாத கமிட்டுக்கு ஸ்கிரிப்ட் 125 என்ற வெளியேற்ற எண்ணைத் தர வேண்டும், அதைத் தாண்டிப் போய்விடும்.

பிழை உங்கள் நிரலில் இல்லை, வேறொருவர் நிரலில் என்று முடிவானால் அறிக்கை அனுப்புவீர்கள். பேக்ட்ரேஸ், பதிப்பு எண், மறுபடி நிகழ்த்தும் வழி மூன்றும் கட்டாயம். எஸ்ட்ரேஸ் பதிவையும் கோர் டம்பையும் மட்டும் பொது இடத்தில் அப்படியே போட்டுவிடாதீர்கள். நிரல் அனுப்பிய கடவுச்சொல், குக்கி, திறந்திருந்த கடிதம் எல்லாம் அவற்றுக்குள் வெறும் எழுத்தாகவே கிடக்கலாம். பதிவில் தொடர்புள்ள ஐம்பது வரிகளை மட்டும் வெட்டி, ஒருமுறை கண்ணால் படித்துப் பார்த்து அனுப்புங்கள். கோர் டம்ப் வேண்டும் என்று அவர்களே கேட்டால் தனியாகக் கொடுக்கலாம்.